கணுக்கால் உடைந்தால் கத்தி கட்டாயமா?

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்யும் ஒரு காலை. அதிராம்பட்டினத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த 66 வயதுப் பெண்மணி, பாசி பிடித்த படியில் வழுக்கி விழுகிறார். எழுந்து நிற்க முடியவில்லை. சில நிமிடங்களில் கரண்டைக்கால் பந்துபோல வீங்குகிறது. பாதம் காலோடு நேராக இல்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது.

பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "ரெண்டு பக்கமும் உடைஞ்சிருக்கு. பிளேட் வெச்சு ஸ்க்ரூ போடணும்" என்கிறார் டாக்டர். மகள் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு போன் போடுகிறார்.

"காக்கா, ஆபரேஷன்னு சொல்றாங்க. உம்மாவுக்கு சுகர் வேற இருக்கு. புண்ணு ஆறுமான்னு பயமா இருக்கு."

"பதறாதேம்மா. கத்தி வைக்காம கட்டுப் போட்டே சரி பண்ணலாம்னு இங்க ஒருத்தர் சொல்றாரு. எதுக்கும் விசாரிச்சுப் பாரு."

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. டெல்டாவின் எந்த ஊரிலும், மழைக்காலத்தின் எந்த நாளிலும் நடக்கக்கூடியது. வரப்பில் வழுக்கியவர், உப்பளப் பாத்தியில் கால் இடறியவர், பைக்கில் இருந்து விழுந்தவர் என ஆள் மட்டும் மாறும். குடும்பத்தின் கேள்வி ஒன்றுதான். 'கத்தி வைக்காமல் முடியுமா?'

சிலருக்கு முடியும் என்பதுதான் மருத்துவ உலகம் தரும் பதில். ஆனால், அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் 'கட்டு போதும்' என்று முடிவெடுத்தால், பிறகு நடையே சிக்கலாகிவிடலாம்.

ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட...

கணுக்கால் மூட்டில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. கீழ்க்காலின் பெரிய எலும்பு டிபியா. அதன் வெளிப்பக்கம் ஒட்டி இறங்கும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. பாதத்தின் மேல் பக்கம் இருப்பது டாலஸ். தச்சர் மரத்தில் துளை போட்டு, அதில் கட்டையை இறுக்கமாக இறக்குவாரே, அப்படித்தான் டாலஸ் மற்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காலின் இரு பக்கமும் நாம் தொட்டுப் பார்க்கும் மொட்டுகள்தான் அந்தத் துளையின் இரண்டு சுவர்கள். உள்பக்க மொட்டு டிபியாவின் முனை. வெளிப்பக்க மொட்டு ஃபிபுலாவின் முனை.

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதை 1976-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டாலஸ் வெளிப்பக்கமாக வெறும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, அதற்கும் டிபியாவுக்கும் இடையே உள்ள தொடுபரப்பு சராசரியாக 42 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. உடல் எடை முழுவதும் மீதமுள்ள சிறிய பரப்பின் மீது இறங்கும். அங்குள்ள குருத்தெலும்பு தேயும். சில வருடங்களில் மூட்டுத் தேய்மானம், நடந்தால் வலி.

எனவே, எலும்பு ஒட்டினால் மட்டும் போதாது. சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். எலும்பு எப்படியும் ஒட்டத்தான் பார்க்கும். கோணலாக வைத்தால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும்.

எது லேசு, எது தீவிரம்?

வெளிப்பக்க மொட்டு மட்டும் உடைந்து, மூட்டு விலகாமல் இருந்தால் அது நிலையான முறிவு. இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. பின்லாந்தில் இத்தகைய முறிவு உள்ள 247 பேரிடம் நடந்து, 2019-ல் வெளியான ஆய்வில், வழக்கமான 6 வாரக் கட்டுக்கு 3 வாரக் கட்டோ, 3 வார ஆதரவுப் பட்டையோ குறைந்ததில்லை என்று தெரியவந்தது.

இரண்டு மொட்டுகளும் உடைந்தாலோ, அவற்றோடு டிபியாவின் பின்விளிம்பும் சேர்ந்து உடைந்தாலோ, தசைநார் கிழிந்து மூட்டு விலகினாலோ, அது நிலையற்ற முறிவு. துளையின் சுவர்கள் இடிந்துவிட்டதால் டாலஸ் ஓரிடத்தில் நிற்காது. நம் அதிராம்பட்டினத்து உம்மாவுக்கு நேர்ந்தது இதுதான்.

இத்தகைய முறிவுக்குத் தோலைத் திறந்து, எலும்புகளை நேருக்கு நேர் பார்த்துப் பொருத்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பதே பல பத்தாண்டுகளாக வழக்கம். இளம் வயதினருக்கு இன்றும் பெரும்பாலும் இதுதான் பரிந்துரை. எலும்பு மிகச் சரியான இடத்தில் நிற்கும் என்பது இதன் பெரிய பலம்.

வயதானவர்களுக்குத்தான் இதில் இரண்டு சிக்கல்கள். எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதால் ஸ்க்ரூவின் பிடிப்பு உறுதியாக இருக்காது. உளுத்த மரத்தில் ஆணி அடித்தது மாதிரி. அடுத்தது தோல். கணுக்காலைச் சுற்றி சதைப்பற்று கிடையாது. தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். அந்த இடத்தில் போடும் தையல் பிரிந்தாலோ, சீழ் பிடித்தாலோ, ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். மகள் பயப்பட்டதும் இதற்குத்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

620 பேரிடம் நடந்த சோதனை

'வயதானவர்களுக்குக் கட்டாயம் திறந்துதான் ஆக வேண்டுமா?' என்ற கேள்வியைப் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு எடுத்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கீத் வில்லெட் தலைமையில், 24 மருத்துவமனைகளில், 2010 முதல் 2013 வரை 620 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் 60 வயதைக் கடந்தவர்கள். எல்லோருக்கும் நிலையற்ற கணுக்கால் முறிவு. குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு ஆபரேஷன், மறு பாதிப் பேருக்கு ஒரு தனி வகை மாவுக்கட்டு. 2016-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன.

வலி, விறைப்பு, வீக்கம், படி ஏறுவது, குந்தி உட்கார்வது என்று பலவற்றையும் கேட்டு, 100-க்கு மதிப்பெண் போடும் ஓர் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். ஆறு மாத முடிவில் ஆபரேஷன் செய்தவர்களின் சராசரி 66. மாவுக்கட்டு போட்டவர்களின் சராசரி 64.5. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். மூன்று வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் கால் இயங்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

தொற்றும் புண் பிரிதலும் ஆபரேஷன் செய்தவர்களில் 10 சதவிகிதம் பேருக்கு வந்தன. மாவுக்கட்டுப் பிரிவில் 1 சதவிகிதம் பேருக்குத்தான்.

இதுவரை படித்ததும் 'அப்படியானால் கட்டே போதுமே' என்று தோன்றும். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். மாவுக்கட்டில் தொடங்கிய 275 பேரில் 52 பேருக்கு, அதாவது 19 சதவிகிதம் பேருக்கு, எலும்பு நிலைக்காமல் பிறகு ஆபரேஷனே செய்ய வேண்டிவந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கோணலாக ஒட்டியிருந்தவர்கள், மாவுக்கட்டுப் பிரிவில் 15 சதவிகிதம். ஆபரேஷன் பிரிவில் 3 சதவிகிதம். காலில் தீவிர நோய் உள்ளவர்களும், நினைவாற்றல் பெரிதும் குறைந்தவர்களும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை.

மாவுக்கட்டில் தொடங்கிய ஐந்து பேரில் நால்வர் கத்தியைத் தவிர்த்தார்கள். ஐந்தாவது நபரைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்து ஆபரேஷனுக்கு மாற்றியதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இது வேற மாவுக்கட்டு!

நமக்குப் பழக்கமான மாவுக்கட்டில் உள்ளே பஞ்சு தடிமனாக இருக்கும். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து, உள்ளே கால் ஆட ஆரம்பிக்கும். நிலையான முறிவுக்கு அது பரவாயில்லை. நிலையற்ற முறிவுக்கு அந்த ஆட்டமே ஆபத்து.

பிரிட்டன் ஆய்வில் போட்டது காலோடு ஒட்டி வார்க்கப்பட்ட கட்டு. ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து கொடுத்து, தசைகள் தளர்ந்த நிலையில் டாக்டர் எலும்புகளைக் கையால் இழுத்துப் பொருத்துகிறார். பிறகு மிகக் குறைந்த பஞ்சு வைத்து மாவுக்கட்டைச் சுற்றி, அது இறுகும்வரை உள்ளங்கையால் அழுத்தி, கணுக்காலின் வளைவுகளுக்கு ஏற்றபடி வடிவம் கொடுக்கிறார். ஆய்வில் பங்கேற்ற டாக்டர்களுக்கு இதற்கென்றே பயிற்சி தரப்பட்டது.

கத்தி இல்லையே தவிர, மயக்க மருந்து உண்டு, தியேட்டர் உண்டு, கைப்பழக்கம் உள்ள எலும்பு மருத்துவர் கட்டாயம் வேண்டும். கட்டு போட்ட பிறகு முதல் சில வாரங்கள் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் தெரிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு புது எலும்பு வளரத் தொடங்கிவிடும், சரிசெய்வது கடினம்.

அதிராம்பட்டினத்தில் இருந்து பட்டுக்கோட்டை சுமார் 12 கிலோமீட்டர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கட்டு போட்ட காலோடு வாரா வாரம் ஆட்டோவிலோ காரிலோ அழைத்துப் போக வீட்டில் ஆள் இருக்கிறதா? இந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன் குடும்பம் பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான். 'வலி குறைஞ்சிடுச்சே, அடுத்த வாரம் போய்க்கலாம்' என்று ஒரு தவணை தள்ளிப்போனால், மூட்டு விலகியது தெரியாமலே போய்விடலாம்.

எலும்பு நொறுங்கிப்போனால்?

தென்னை மரத்தில் இருந்து விழுவது, வேகமாக வந்த வண்டி மோதுவது போன்ற விபத்துகளில் டிபியாவின் அடிப்பகுதியே நொறுங்கிப்போகலாம். மாவுக்கட்டால் மட்டும் இதைத் தாங்கிப் பிடிப்பது கடினம். தோல் கன்றி, கொப்புளம் கட்டியிருக்கும் நிலையில் உடனே திறந்து ஆபரேஷன் செய்வதும் ஆபத்து.

இங்கே உதவுவது வெளியில் இருந்து பிடிக்கும் வளையம். சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிஸரோவ், சைபீரியாவின் கூர்கன் நகரில் 1950-களில் உருவாக்கிய முறை இது. காலைச் சுற்றி உலோக வளையங்கள். சைக்கிள் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் இழுத்துக் கட்டப்படுவதுபோல, மெல்லிய கம்பிகள் தோலையும் எலும்பையும் ஊடுருவி அந்த வளையங்களில் இறுக்கப்படும். பெரிதாக வெட்டித் திறக்காமலே எலும்பை நிறுத்தலாம்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை உடைத்துக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகும் எலும்பு சேரவில்லை. 1968-ல் இலிஸரோவிடம் போனார். குணமாகி மறுபடியும் தாண்டத் தொடங்கினார். அதன் பிறகே சோவியத் நாடு முழுவதும் இலிஸரோவின் பெயர் பரவியது. இன்று இந்தியாவிலும் பல எலும்பு சிகிச்சை மையங்களில் இந்த வளையம் பயன்படுகிறது. கம்பி நுழையும் இடங்களைத் தினமும் சுத்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் தொற்று வரும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கட்டு வைத்தியம் போகலாமா?

எலும்பு முறிவு என்றதும் தமிழகத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'புத்தூர் கட்டு'. ஆந்திராவின் புத்தூரில் இருந்து வந்த பெயர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை கொண்டு கட்டும் முறை. நம்பிக்கையோடு போகிறவர்கள் இன்றும் ஏராளம். கத்திக்குப் பயப்படுவதும் செலவுக்குப் பயப்படுவதும்தான் அதற்குக் காரணங்கள்.

விலகாத, நிலையான முறிவு எந்தக் கட்டிலும் ஒட்டிவிடும். கட்டு வைத்தியத்தில் குணமான அனுபவங்கள் பலவற்றுக்கும் இதுவே பின்னணி. நிலையற்ற கணுக்கால் முறிவு அப்படிப்பட்டதல்ல. எக்ஸ்ரே பார்க்காமல், மூட்டு சரியாக உட்கார்ந்ததா என்று உறுதி செய்யாமல் கட்டினால், கோணலாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு ஆபத்து இறுக்கம். வீங்கிக்கொண்டிருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசை அழுகத் தொடங்கிவிடும். காலையே இழக்க நேரிடலாம். இது மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டுக்கும் பொருந்தும். கட்டு போட்ட பிறகு கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

• மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி
• விரல்கள் மரத்துப்போவது, சில்லிட்டுப்போவது, நீலம் அல்லது வெளிர் நிறமாவது
• விரலை அசைத்தால் உயிர்போகும் வலி, அல்லது அசைக்கவே முடியாத நிலை
• கெண்டைக்கால் வலியோ வீக்கமோ திடீரெனக் கூடுவது, மூச்சுத்திணறல். ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம்

சர்க்கரை நோய் இருந்தால்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் புண் ஆறுவது தாமதமாகும். அதனால் கட்டுதான் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மாவுக்கட்டுக்குள் உரசிப் புண் வந்தாலும் வலி தெரியாது. கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். எலும்பு ஒட்டுவதும் மெதுவாகவே நடக்கும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கால அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு காலம் காலை ஊன்றாமல் பாதுகாக்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் பொது விதி.

எனவே, சுகர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷனைத் தவிர்க்கவும் கூடாது, அவசரப்பட்டுச் செய்யவும் கூடாது. பாதத்தின் உணர்ச்சி, ரத்த ஓட்டம், சர்க்கரையின் மூன்று மாத சராசரி ஆகிய மூன்றையும் பரிசோதித்த பிறகே எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

18-ம் நூற்றாண்டு லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1756-ல் குதிரையில் இருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. குளிரில் தெருவிலேயே படுத்துக்கொண்டு, ஒரு கதவை விலைக்கு வாங்கிவரச் செய்து, அதில் கம்புகளை அடிக்கச் சொல்லி, அதன் மேல் படுத்தபடிதான் வீடு போனார் என்பது மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம். காலை எடுத்துவிடலாம் என்று முடிவாகி, கருவிகளும் தயாரான நேரத்தில் அவருடைய ஆசிரியர் வந்து பார்த்து, சிம்பு வைத்துக் கட்டிக் காப்பாற்றலாம் என்றார். கால் தப்பியது. பிற்பாடு பாட் எழுதிய நூலின் காரணமாக, கணுக்கால் முறிவுக்கே 'பாட் முறிவு' என்று பெயர் வந்தது.

உடைந்த காலை ஆட்டாமல் கொண்டுபோக வேண்டும் என்ற அந்தப் பாடம் இன்றைக்கும் மாறவில்லை. நீவிவிடவோ, உருவிவிடவோ, ஊன்றி நடக்க வைக்கவோ கூடாது. மெல்லிய தலையணையைக் காலைச் சுற்றி வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, காலை உயர்த்தி வைக்கலாம். கொலுசு, மெட்டியை உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைப்பது நல்லது.

பாதம் திரும்பி நின்றால், அது மூட்டு விலகியதன் அடையாளம். எலும்பு உள்ளிருந்து தோலை அழுத்திக்கொண்டிருக்கும். எந்தச் சிகிச்சை என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். மூட்டை இடத்தில் உட்கார வைக்கும் வேலை சில மணி நேரத்துக்குள் நடந்துவிட வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், ஆபரேஷன் இல்லாமல் என்ற பேச்சுக்கே இடமில்லை. புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

பலரும் டாக்டரிடம் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். கேட்டால் தவறாக நினைப்பாரோ என்ற கூச்சம். இந்த ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டே போகலாம்.

1. முறிவு நிலையானதா, நிலையற்றதா?
2. மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்தி, ஒட்டி வார்த்த மாவுக்கட்டு போடுவது இவருடைய வயதுக்கும் எலும்புக்கும் சரிப்படுமா? நீங்கள் அதைச் செய்வீர்களா?
3. கட்டு போட்டால் எந்தெந்தத் தேதிகளில் எக்ஸ்ரே? நகர்ந்தால் அடுத்த திட்டம் என்ன?
4. பாதத்தின் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் எப்படி இருக்கின்றன?
5. எப்போது காலை ஊன்றலாம்? பிசியோதெரபி எப்போது தொடங்க வேண்டும்?

கடைசிக் கேள்வி ரொம்பவே முக்கியம். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், பல வாரங்கள் அசையாமல் இருந்த கணுக்கால் விறைத்துப்போகும். நம் ஊரில் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், தொழுகையில் மடங்க வேண்டும், சில வீடுகளில் குந்தி உட்காரும் கழிப்பறைதான். இவை எல்லாவற்றுக்கும் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். கட்டு பிரித்த பிறகு பயிற்சியை விட்டுவிட்டால் எக்ஸ்ரே நன்றாக இருக்கும், கால் மட்டும் மடங்காது. அதுவரை நாற்காலியில் அமர்ந்து தொழுவதும், கழிப்பறையில் உயரமான இருக்கை வைப்பதும் உதவும்.

அந்த மகளுக்கு வருவோம். துபாய் அண்ணனுக்கு அவர் திரும்ப போன் போடும்போது, கையில் இந்த ஐந்து கேள்விகளுக்கான பதில்கள் இருந்தால் போதும். "காக்கா, கட்டு போட்டா வாரா வாரம் எக்ஸ்ரே எடுக்கணுமாம். நான் கூட்டிட்டுப் போயிடுவேன். நகர்ந்தா மட்டும் ஆபரேஷனாம்" என்று சொல்ல முடிந்தால், அது தெளிவான முடிவு. "உம்மாவுக்குப் பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்காம், டாக்டர் யோசிச்சுதான் ஆபரேஷன்னு சொல்றாரு" என்றாலும் அதுவும் தெளிவான முடிவே.

அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பின்படியில் உள்ள பாசியை இன்றே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிடித்து இறங்க ஒரு கம்பியும் அடித்துவிடுங்கள். மழை இன்னும் முடியவில்லை.